இணைக் கலப்பெண்: மேட்லேபின் ஒற்றை மேற்கோளா, நம்பையின் கான்ஜா?

பெங்களூரில் எங்கள் அலுவலகத்தில் ரேடியோ சிக்னல் புரோகிராம்களை மேட்லேப் என்ற கட்டணக் கணக்கீட்டு மென்பொருளிலிருந்து இலவச மொழியான பைத்தானுக்கு மாற்றி வருகிறோம். லைசென்ஸ் செலவு மிச்சம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் பைத்தான் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் வேறு.

மெய்ப் பகுதியும் கற்பனைப் பகுதியும் சேர்ந்த எண் கலப்பெண். இணைக் கலப்பெண் என்றால் அதன் கற்பனைப் பகுதியின் குறியை மட்டும் மாற்றுவது. மேட்லேபிலும், பைத்தானின் எண் கணக்கீட்டு நூலகமான நம்பையிலும் அதற்குக் 'கான்ஜ்' என்ற பெயரிலேயே சார்பு இருக்கிறது. அதுவரை வித்தியாசம் இல்லை.

மேட்லேபில் அணிக்குப் பின்னால் போடும் ஒற்றை மேற்கோள் குறிதான் ஆளை ஏமாற்றும். அது நிரை நிரல் மாற்றையும் (நிரைகளை நிரல்களாக்குவதை) செய்யும், கூடவே எண்களின் இணையையும் எடுக்கும். மாற்று மட்டும் போதுமென்றால் குறிக்கு முன் ஒரு புள்ளி வைக்க வேண்டும். மெய்யெண்களில் இரண்டும் ஒரே விடைதான். அதனால் எழுதியவர் இணையை நினைத்துத்தான் எழுதினாரா என்பது இரண்டு வருடம் கழித்துப் படிப்பவருக்குப் புரியாது.

எங்களுக்கு அதுதான் நடந்தது. சேலத்துத் தம்பி ஒருவர் அந்தக் குறியை நம்பையின் 'டி' என்று மாற்றியிருந்தார். 'டி' நிரை நிரல் மாற்றை மட்டும் செய்யும், இணையை எடுக்காது. எர்ரர் எதுவும் வரவில்லை. "அண்ணா, சிக்னலோட ஆற்றல் மைனஸ்ல வருதுண்ணா" என்று வந்து நின்றார். இரண்டே எண்களை வைத்துப் பார்த்தோம்: ஒன்று 3, மற்றது வெறும் கற்பனை எண், அளவு 4. இணை இல்லாமல் ஒவ்வொன்றையும் தன்னோடே பெருக்கிக் கூட்டினால் 9 − 16 = −7. இணையோடு பெருக்கினால் 9 + 16 = 25. ஆற்றல் எங்கே மைனஸில் வரும்?

நம்பையில் 'கான்ஜ்' என்று எழுதியே ஆக வேண்டும். படிப்பவர் கண்ணிலும் படும். பராமரிப்புக்கு இதைவிட என்ன வேண்டும்? உட்பெருக்கத்துக்கு (இரண்டு அணிகளின் உறுப்புகளை ஜோடியாகப் பெருக்கிக் கூட்டுவதற்கு) நம்பையின் 'விடாட்' முதல் அணியின் இணையைத் தானே எடுத்துக்கொள்ளும், 'டாட்' எடுக்காது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், நம்பை இல்லாமல் வெறும் பைத்தானில் 'கான்ஜுகேட்' எழுதினால் அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். மெய்ப் பகுதியைத் தரும் 'ரியல்', கற்பனைப் பகுதியைத் தரும் 'இமாக்' இரண்டுக்கும் அது தேவையில்லை என்பதால் கை தவறும்.

சூத்திரத்தைப் புத்தகத்தில் உள்ளபடியே எழுத மேட்லேப்தான் வசதி, அதை மறுக்க மாட்டேன். ஜூலியா என்ற நிரல் மொழியிலும் மேற்கோள் குறி இணையோடுதான் வரும். நான் அதைச் சின்னச் சோதனைகளுக்கு மேல் பயன்படுத்தியதில்லை, அதனால் பெரிய வேலைக்குப் பரிந்துரைக்கத் துணியவில்லை.

மாற்றாமல் மிச்சமிருக்கும் மேட்லேப் கோப்புகளில் இப்போது ஒவ்வொரு மேற்கோள் குறியாகத் தேடி, இணை வேண்டுமா வேண்டாமா என்று பக்கத்தில் கமென்ட் எழுதி வருகிறோம்.