வெனிஸில் எந்தப் பக்கம் அறை எடுப்பது?

வெனிஸில் அறை தேடுகிறவர்கள் முதலில் எண்ண வேண்டியது பாலங்களை. படகுத் துறையில் இறங்கி விடுதி வாசலுக்குப் போவதற்குள் எத்தனை பாலம் ஏறி இறங்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்த மாதிரிதான். ஊருக்குள் கார் கிடையாது, பேருந்து கிடையாது. எதிரே உள்ள பெருநிலக் கரையிலிருந்து வரும் சாலை பியாஸ்ஸாலே ரோமா என்ற இடத்தோடு முடிகிறது, ரயில் பாதை சாந்தா லூச்சியா நிலையத்தோடு முடிகிறது. அதற்கப்புறம் நூற்றுக்கும் மேற்பட்ட குட்டித் தீவுகள், அவற்றைக் கோக்கும் நானூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள். அவற்றில் பெரும்பாலானவை படிக்கட்டுகள்தான்.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை தனியாக, நவம்பரில், சான் மார்கோ பகுதியில் தங்கினேன். இரண்டாம் முறை முழங்கால் வலியுள்ள அம்மாவோடு கன்னரேஜோ பகுதியில் தங்கிவிட்டு, கடைசி இரவை மட்டும் கரையிலுள்ள மெஸ்த்ரேயில் கழித்தோம். மற்ற பகுதிகளை நடந்து நடந்து பார்த்ததுதான்.

சான் மார்கோவிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் தேடுவது அதைத்தான். பேராலயம், டோஜ் என்ற பழைய ஆட்சித்தலைவரின் மாளிகை, மணிக்கூண்டு எல்லாம் வாசலிலேயே இருக்கும் என்ற எண்ணம். இருக்கத்தான் செய்கின்றன. விடியற்காலை 6 மணிக்கு அந்தச் சதுக்கத்தில் புறாக்களையும் பெருக்குகிறவர்களையும் தவிர யாருமில்லாமல் நிற்பதை நான் ஒருநாளும் மறக்க மாட்டேன். ஆனால் 10 மணிக்கு மேல் சந்துகளில் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நகர முடியும். சுற்றிலும் முகமூடிக் கடை, கைப்பைக் கடை, படம் போட்ட மெனு அட்டையோடு ஆள் நின்று கூப்பிடும் உணவகங்கள். ஒரு தண்ணீர் பாட்டிலும் இரண்டு வாழைப்பழமும் வாங்க நான் கால் மணி நேரம் அலைந்தேன். இதற்குக் காரணம் இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் பழைய நகரத்தில் ஒன்றே முக்கால் லட்சம் பேர் வரை குடியிருந்தார்கள். இப்போது 50,000 பேர்கூட இல்லை. குடியிருப்பவர்கள் போன இடத்தில் மளிகைக் கடைக்கு என்ன வேலை?

அப்புறம் தண்ணீர். சான் மார்கோ சதுக்கம் ஊரிலேயே தாழ்வான இடங்களில் ஒன்று. 2019 நவம்பர் 12 அன்று கடல் 187 செ.மீ. உயர்ந்து ஊரையே மூழ்கடித்தது. 1966-ல் வந்த 194 செ.மீ. வெள்ளத்துக்குப் பிறகு அதுதான் பெரியது. 2020 அக்டோபரிலிருந்து மோசே என்ற கடல்நீர்த் தடுப்பு மதகுகள் வேலை செய்கின்றன, இனிக் கவலையில்லை என்று நினைத்துக்கொண்டுதான் நானும் போனேன். ஆனால் அந்த மதகுகளைப் பொதுவாக 110 செ.மீ. அளவுக்கு முன்னறிவிப்பு இருந்தால்தான் உயர்த்துகிறார்கள். சதுக்கத்திலோ அதற்கு வெகு கீழேயே, 80 செ.மீ.யைத் தாண்டும்போதே, தண்ணீர் கல் இடுக்குகளில் ஊறி மேலே வரத் தொடங்கிவிடும். நான் இருந்த மூன்று நாளில் ஒருநாள் காலை அப்படித்தான் ஆனது. அறை வாடகையில் பாதியை இடத்துக்காகவே கொடுத்துவிட்டு, பலகை நடைமேடையில் வரிசையில் நகர்ந்தேன். அக்டோபர் முதல் ஜனவரி வரை போகிறவர்கள் இந்தப் பகுதியைத் தவிர்ப்பது நல்லது என்று உறுதியாகவே சொல்வேன்.

இப்போது கன்னரேஜோ. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து இடது பக்கம் திரும்பினால் அகலமான, சமதளமான தெரு. லிஸ்தா தி ஸ்பான்யா என்று பெயர். பெயருக்கு முன்னால் ‘ரியோ தெரா’ என்ற சொல் ஒட்டியிருக்கும். தூர்த்து மூடிய கால்வாய் என்று அதற்குப் பொருள். வெனிஸ் வரைபடத்தில் இந்தச் சொல் எங்கே இருந்தாலும் அங்கே தெரு அகலமாக, படியில்லாமல் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். அந்தத் தெருவின் முடிவில் நான்கு மூலைகளிலும் கூர்நுனிக் கல்தூண்கள் நிற்கும் குல்யே பாலம். அதைத் தாண்டினால் சான் லியோனார்தோ, அதுவும் ஒரு ரியோ தெராதான். காலையில் காய்கறி, பழம், மீன் என்று கடை போடுகிறார்கள். எங்கள் விடுதி அதை ஒட்டிய சந்தில் இருந்தது. நிலையத்திலிருந்து ஒரே ஒரு பாலம். அம்மா நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிவிட்டு ஏறிவிட்டார்.

சாயங்காலம் ஆனால் இங்கே சத்தமே வேறு மாதிரி. பள்ளிப் பைகளைச் சுவரோரம் போட்டுவிட்டுப் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். சக்கரம் வைத்த கூடையை இழுத்துக்கொண்டு பாட்டிகள் கடைக்குப் போகிறார்கள். ஐந்து நிமிட நடையில் கெத்தோ. 1516-ல் வெனிஸ் அரசு யூதர்களை இந்தச் சிறு தீவில் அடைத்து இரவில் கதவுகளைப் பூட்டி வைத்தது. பழைய உலோக வார்ப்பு ஆலை இருந்த இடம் என்பதால் வந்த அந்தப் பெயர்தான் பிற்காலத்தில் உலகம் முழுக்க ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளுக்கான சொல்லாகிப்போனது. பக்கவாட்டில் இடமில்லாமல் மேலே மேலே கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். கூரை தாழ்ந்த ஏழு, எட்டு மாடி வீடுகள் இன்னும் நிற்கின்றன. 1797-ல் நெப்போலியனின் படை வந்த பிறகுதான் அந்தக் கதவுகள் கழற்றப்பட்டன. அம்மா அந்தச் சதுக்கத்து பெஞ்சில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். விடுதி பக்கத்தில் இருந்ததால் மறுநாளும் போனோம், அதற்கு மறுநாளும் போனோம். இடத்தின் அருமை எனக்குப் புரிந்தது அங்கேதான். டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஓர் இடம் பக்கத்தில் இருப்பதைவிட, தினமும் போய் உட்காரத் தோன்றும் ஓர் இடம் பக்கத்தில் இருப்பது பெரிது.

இன்னும் வடக்கே போனால் மதோன்னா தெல்லோர்தோ தேவாலயம். ஓவியர் தின்தொரெத்தோவின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. நாங்கள் போனபோது எங்களைத் தவிர உள்ளே நான்கு பேர். சான் மார்கோ தூரம்தான், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் சந்திலிருந்து நல்ல நடையாக அரை மணி நேரம். ஆனால் குல்யே துறையில் நிற்கும் நீர்ப்பேருந்துகள், அதாவது வாபொரேத்தோ, ஊரை வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு சதுக்கத்துக்கு அருகிலேயே இறக்கிவிடுகின்றன. பெருங்கால்வாய் வழியே போகும் 1-ஆம் எண் படகின் நெரிசல் இதில் அவ்வளவாக இல்லை. குறை ஒன்று உண்டு. லிஸ்தா தி ஸ்பான்யா மீதே இருக்கும் விடுதிகள் பெயருக்குத்தான் கன்னரேஜோ. பெட்டிச் சக்கரங்களின் சத்தம் நள்ளிரவு வரை ஓயாது. பாலத்தைத் தாண்டிய பக்கமாகப் பாருங்கள்.

தோர்சோதூரோ எனக்கு இரண்டாவது இடம். அக்கதேமியா ஓவியக்கூடம், பெக்கி குகன்ஹைம் தொகுப்பு இரண்டும் இங்கே இருப்பதால், ஓவியத்துக்காகவே போகிறவர்களுக்கு முதலிடமாகக்கூட ஆகலாம். தெற்கே பார்த்த ஸாத்தரே கரை நெடுக வெயில் காயலாம். குளிர்காலத்தில் அந்த வெயிலுக்குப் பெரிய மதிப்பு. ஆனால் சாந்தா மார்கெரித்தா சதுக்கத்தை ஒட்டி அறை எடுக்காதீர்கள். பல்கலைக்கழக மாணவர்கள் கூடும் இடம், இரவு ஒரு மணிக்கும் பேச்சும் சிரிப்பும் இருக்கும். அக்கதேமியா மரப்பாலத்தின் படிகளைப் பெட்டியோடு ஒருமுறை ஏறினால் மறுமுறை ஏற மனம் வராது.

காஸ்தெல்லோவின் கிழக்கு முனை, கரிபால்தி தெருப் பக்கம், ஊர் மக்கள் அதிகம் வாழும் இடம். அதுவும் மூடிய கால்வாய்தான், அதனால் அகலம். பினாலே கலைக்கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கு வேறு யோசனையே வேண்டாம். ரயில் நிலையத்திலிருந்து ரொம்பத் தள்ளி என்பது மட்டும்தான் சிக்கல். ஒன்று கவனியுங்கள்: முகவரியில் ‘காஸ்தெல்லோ’ என்று போட்டு நாலு இலக்க எண் கொடுத்திருந்தால் அதை வைத்து எதையும் கணக்குப் போட முடியாது. இங்கே வீட்டு எண் தெருவுக்குத் தெரு மாறுவதில்லை, பகுதி முழுக்க ஒரே வரிசையாக ஓடுகிறது.

மெஸ்த்ரே பற்றிப் பலர் கேட்பார்கள், விலைக்காக. எங்களுக்கு அங்கே பாதி வாடகையில் பெரிய அறை கிடைத்தது, லிஃப்ட் இருந்தது, வாசலில் டாக்ஸி வந்தது. ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெனிஸ். நிர்வாகப்படி மெஸ்த்ரேயும் வெனிஸ் மாநகராட்சிக்குள்தான் வருகிறது. அதனால் 2024-லிருந்து சில நாட்களில் பகல் பயணிகளிடம் வாங்கும் நுழைவுக் கட்டணம் அங்கே தங்குகிறவர்களுக்கும் கிடையாது. விலக்குக்கு இணையத்தில் பதிவு செய்துகொண்டால் போதும். காலையில் விமானம் பிடிக்கிறவர்களுக்கும் கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கும் தயங்காமல் சொல்வேன். ஆனால் அங்கே மூன்று நாள் தங்குவதை என் மனம் ஏற்கவில்லை. வெனிஸ் தன் அழகைக் காட்டுவது கூட்டம் வருவதற்கு முன்னும் போன பின்னும்தான். அந்த நேரத்தில் நாம் ரயில் மேடையில் கடிகாரம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். அன்று இரவு சாலையில் லாரி போகும் சத்தம் கேட்டதும் அம்மா, “ஊர விட்டு வந்துட்டோம் போலயே” என்றார்.

அறையை உறுதி செய்வதற்கு முன் விடுதிக்கு இரண்டே கேள்வி எழுதுங்கள். எந்தத் துறையில் இறங்குவது? அங்கிருந்து எத்தனை பாலம்? சான் மார்கோவில் நான் இதைக் கேட்காமல் போய் மூன்று பாலம் பெட்டி தூக்கினேன். கன்னரேஜோ விடுதிக்காரருக்கு எழுதினேன். அரை மணிக்குள் பதில் வந்தது: “ரயில் நிலையத்திலிருந்து ஒரே பாலம். நேரத்தைச் சொல்லுங்கள், பாலத்தடியில் நிற்கிறேன்.” சொன்னபடியே நின்றார், அம்மாவின் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.