டோபார் போல்ட்டுகள்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் என் கருத்து

பிரிட்டனில் எங்கள் எஸ்டேட் காரின் பின்னால் ஒரு பெட்டி டிரெய்லரைப் பல ஆண்டுகளாக இழுத்து வருகிறேன். அதற்காகக் காரின் பின்புறத்தில் பொருத்தியிருக்கும் இழுவைச் சட்டம்தான் டோபார். என்னிடம் இருப்பது இங்கே பரவலாகக் காணப்படும் ஃபிளாஞ்ச் வகை. டிரெய்லரை மாட்டும் 50 மி.மீ. பந்தின் அடித்தட்டு, 90 மி.மீ. இடைவெளியில் அமைந்த இரண்டு எம்16 (16 மி.மீ. விட்டம்) போல்ட்டுகளால் டோபாரின் முகத்தோடு இறுக்கப்படுகிறது. டோபாரோ எம்10, எம்12 போல்ட்டுகளால் காரின் சேசிஸில் பிடிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் போல்ட்டுகளைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

டோபாருடன் வந்தவை அனைத்தும் 8.8 தரம். முதல் எண் இழுவலிமை 800 மெகாபாஸ்கல் என்பதையும், இரண்டாவது எண் அதில் 80 விழுக்காடு வரை போல்ட் நிரந்தரமாக நீளாது என்பதையும் குறிக்கின்றன. இதைவிட வலுவான 10.9 அல்லது 12.9 வாங்கிப் போடுமாறு நண்பர்கள் சொல்வதுண்டு. கணக்கிட்டுப் பார்த்தால் அதற்குத் தேவை இல்லை. 8.8 தரத்து எம்16 போல்ட் ஒன்றின் சோதனைச் சுமை (நிரந்தரமாக நீளாமல் அது தாங்கும் சுமை) சுமார் 91 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 9 டன் எடைக்குச் சமம். 1,800 கிலோ கார் 1,300 கிலோ டிரெய்லரை இழுக்கும்போது, டோபார் தட்டில் பொறிக்கப்படும் டி மதிப்பின் (காருக்கும் டிரெய்லருக்கும் இடையிலான விசையின் அளவு) சூத்திரப்படி வரும் விசை 7.4 கிலோநியூட்டன்தான். பந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் சேரும் நெம்புவிசையைக் கணக்கில் கொண்டாலும் 8.8 தாராளம். மாறாக, 12.9 போன்ற மிகக் கடினமான எஃகில், துத்தநாக மின்முலாம் பூசும்போது உள்ளே புகும் ஹைட்ரஜன் எந்த அறிகுறியும் காட்டாமல் முறிவை உண்டாக்கக்கூடும். மேலும், 1998 ஆகஸ்ட் 1 முதல் பயன்பாட்டுக்கு வந்த பயணிகள் கார்களுக்கு இங்கே வகை ஒப்புதல் (அந்த மாதிரி சோதிக்கப்பட்டு வழங்கப்படும் அதிகாரப்பூர்வ அனுமதி) பெற்ற டோபார் வேண்டும். அந்த ஒப்புதல், தயாரிப்பாளர் குறிப்பிட்ட போல்ட்டுகளோடு சேர்ந்ததே.

உண்மையில் பாரத்தைத் தாங்குவது போல்ட்டின் தரத்தைவிட அதன் பிடிப்பு விசை. எம்16 போல்ட்டை 195 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினால், உலர்ந்த மரையில் ஏறத்தாழ 60 கிலோநியூட்டன் விசையோடு இரு முகங்களும் ஒன்றையொன்று அழுத்துகின்றன. டிரெய்லரின் முன்பக்கம் பந்தைக் கீழ்நோக்கி அழுத்தும் பாரத்தை அப்போது அந்த முகங்களுக்கு இடையிலான உராய்வே சுமக்கிறது. இழுவிசையிலும் ஒரு சிறு பங்குதான் போல்ட்டுக்குக் கூடுதலாகப் போய்ச் சேருகிறது. பிடிப்பு தளர்ந்துவிட்டால், சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் முழுதாகப் போல்ட்டின் மீது ஏறி இறங்கும். நட்டுக்குள் நுழையும் முதல் மரையில் களைப்பு விரிசல் (திரும்பத் திரும்ப வரும் சுமையால் உண்டாகும் விரிசல்) தொடங்குவது அப்படித்தான். எனவே எந்தப் போல்ட் வாங்குவது என்பதைவிட, இறுக்கம் எதனால் குறைகிறது என்பதையே நான் அதிகம் கவனித்து வந்தேன்.

முதல் எதிரி பெயின்ட். இரு முகங்களுக்கும் இடையில் தடித்த பூச்சு இருந்தால், அது நாளடைவில் நசுங்கி அந்த அளவுக்குப் பிடிப்பையும் குறைத்துவிடும். முகங்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து பொருத்திய பிறகு, முதல் சில பயணங்களுக்குப் பின் மறுபடியும் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ரெஞ்ச்) வைத்துச் சரிபார்ப்பது அவசியம்.

அடுத்தது நீளம். மின்சாக்கெட் தாங்கும் தட்டையும் பம்பரைக் காக்கும் தட்டையும் பந்துக்கும் டோபாருக்கும் இடையில் செருகுவது இங்கே வழக்கம். தட்டின் தடிப்புக்கு ஏற்ப நீளமான போல்ட் வாங்கும்போது, மரையில்லாத வெற்றுத் தண்டு எவ்வளவு நீளம் என்று கட்டாயம் பார்க்க வேண்டும். தண்டு அதிகமாக நீண்டிருந்தால், நட் மரை முடியும் இடத்தில் போய் முட்டி நின்றுவிடும். ரெஞ்ச் சரியான அளவைக் காட்டும், தட்டுகளோ இறுகியிருக்கவே இருக்காது. இந்த ஏமாற்று வித்தையைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது தெரிய வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு.

ஸ்பிரிங் வாஷரை நான் விட்டுவிட்டேன். பக்கவாட்டு அதிர்வே போல்ட்டுகளைத் தளர்த்துகிறது என்று 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் தம் சோதனைகளால் காட்டினார். அத்தகைய சோதனையில் ஸ்பிரிங் வாஷர் அநேகமாக எந்தப் பயனும் தருவதில்லை. கடினமான தட்டை வாஷரும் உள்ளே நைலான் வளையம் பதித்த நட்டும் எனக்குப் போதுமாயிருக்கின்றன. நட்டைக் கழற்றினால் புதியதைத்தான் போடுகிறேன். மரையில் கிரீஸ் தடவுவதும் எனக்கு உடன்பாடில்லை. உராய்வு குறைவதால், அதே 195இல் போல்ட் மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதலாக இழுபடக்கூடும்.

குளிர்காலத்தில் சாலையில் கொட்டப்படும் உப்பைப் பார்த்து ஸ்டெயின்லெஸ் போல்ட் வாங்கத் தோன்றும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 வகை 450 மெகாபாஸ்கலிலேயே நீளத் தொடங்கும், 8.8க்கோ அந்த எல்லை 640. போதாததற்கு, இறுக்கும்போதே மரை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் செய்யும். துத்தநாகம் பூசிய 8.8ஐ இறுக்கி முடித்து, வெளிப்புறத்தில் மெழுகுக் கரைசல் அடித்துவிடுவதே மலிவு. என் எம்16 போல்ட்டுகள் வெளுத்து மங்கியிருக்கின்றன, ஆனால் செந்துரு ஏறவில்லை.

வாங்கும்போது தலையில் 8.8 என்ற எண்ணோடு தயாரிப்பாளரின் குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் வாங்கிய ஒரு பொட்டலத்தில் குறியே இல்லை, அதைத் திருப்பி அனுப்பினேன். இறுக்கிய பின் நட்டிலிருந்து தட்டு வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். டிரெய்லரை மாட்டுமுன் குனிந்து பார்த்தால், கோடு விலகியிருக்கிறதா என்பது ஒரே நொடியில் தெரிந்துவிடும்.