கமிஷனா, சம்பளமா, ஒப்பந்தமா? சுங்கை சிப்புட்டிலிருந்து குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி திரட்டும் வேலை

விளம்பரத்தில் ‘நிதி திரட்டும் அலுவலர் தேவை’ என்று ஒரே பெயர்தான் இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் மூன்று வெவ்வேறு பிழைப்பு. ஒன்று, ஏஜென்சி வழியாகப் பேரங்காடியிலும் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலும் நின்று மாதச் சந்தாவுக்குக் கையெழுத்து வாங்குவது. ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு என்று கமிஷன். இன்னொன்று, மருத்துவமனை அறக்கட்டளையோ, நோயாளிக் குழந்தைகளுக்கான தொண்டு அமைப்போ மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும் வட்டார அலுவலர் வேலை. கோயில், பள்ளி, கடை, தோட்டம் என்று பழகிப் பழகிச் சேர்ப்பது. மூன்றாவது, விருந்து, நெடுவோட்டம், உணவுச் சந்தை என்று நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி ஒப்பந்தம்.

கோலாலம்பூரில் இருப்பவர் அவரவர் சுபாவத்துக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளலாம். பேராக்கில், ஈப்போவுக்குப் பக்கத்திலுள்ள சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் அது நடக்காது. இங்கே ஆள் மாறாது. இன்று படிவத்தை நீட்டிய அதே அக்காவை அடுத்த வாரம் கல்யாண வீட்டிலும் அதற்கடுத்த மாதம் தீமிதியிலும் பார்த்தாக வேண்டும். அடுத்த வருடமும் அதே வாசலில் நிற்க முடியுமா என்ற கேள்வியை வைத்துத்தான் மூன்றையும் அளந்திருக்கிறோம்.

முதலில், பணம் எதற்கு என்பதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மருந்து, ஐந்து வெள்ளிக்கு ஸ்பெஷலிஸ்ட், அப்புறம் ஏன் நன்கொடை என்று எல்லாரும் கேட்பார்கள். கேள்வி நியாயம்தான். குடும்பத்தை உடைப்பது பெரும்பாலும் மருத்துவமனைக் கட்டணம் அல்ல. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய் வகைகளில் அதிகம் காணப்படுவதற்குச் சிகிச்சை இரண்டு மூன்று வருடம் ஓடும். சிக்கலான நோய் என்றால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியைத் தாண்டி, கோலாலம்பூரில் துங்கு அசிசா மருத்துவமனை, தேசிய இருதயக் கழகம் என்று போக வேண்டியிருக்கும். போகவர 400 கிலோமீட்டருக்கு மேல். தாயோ தகப்பனோ கூட இருக்க வேண்டும். நாள் கூலிக்குப் பால் மரம் வெட்டுபவருக்கு வேலைக்குப் போகாத நாள் சம்பளமில்லாத நாள். டிக்கெட், தங்கும் அறை, பெம்பர்ஸ், பால் மாவு, வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளின் சாப்பாடு: திரட்டும் பணம் இங்கேதான் போகிறது. இதை இரண்டு நிமிடத்தில், அழவைக்காமல் சொல்லத் தெரியாதவருக்கு மூன்று வேலையுமே சரிப்படாது.

கமிஷன் வேலைக்கு வருவோம். சேருவது சுலபம், ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் போதும், இரண்டு நாள் பயிற்சி. மூன்றாம் நாள் ஈப்போ பேரங்காடி வாசலில் நிற்க வைத்துவிடுவார்கள். நன்றாகப் பேசுபவருக்கு முதல் மாதமே கையில் காசு. ஆனால் கையெழுத்து போட்டதும் காசு உங்களுடையது ஆகிவிடாது. நன்கொடையாளர் முதல் சில மாதங்களுக்குள் நிறுத்திக்கொண்டால், கொடுத்த கமிஷனை அடுத்த கணக்கில் பிடித்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. நிறுத்தாமலேயே அறுந்துபோவதும் உண்டு: கார்டு காலாவதியாகிவிடும், பணம் எடுக்கும் தேதியில் கணக்கில் காசு இருக்காது, ஒருமுறைதான் கொடுக்கிறோம் என்று நினைத்தவர் இரண்டாம் மாதம் பிடித்ததும் வங்கிக்குப் போய்ச் சண்டை போடுவார்.

இந்த ஊரில் கூடுதலாக ஒரு முட்டுக்கட்டை. படிவம் போனபின் அலுவலகத்திலிருந்து சரிபார்ப்பு அழைப்பு வரும். அதை எடுத்தால்தான் சந்தா கணக்கில் ஏறும். மக்காவ் ஸ்கேம் என்னும் தொலைபேசி மோசடிப் பயத்தில் நம் பெரியவர்கள் தெரியாத நம்பரை எடுப்பதே இல்லை. எடுத்தாலும் கார்டு என்ற சொல் காதில் விழுந்ததும் வைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அப்படித்தான் இருக்கச் சொல்லி அரசாங்கமே மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணை விளம்பரப்படுத்துகிறது. ஆனால் நஷ்டம் உங்களுக்கு.

ஏஜென்சிக் குழு வேனில் வந்து, மூன்று நாள் ஊரைச் சலித்துவிட்டு, அடுத்த ஊருக்குப் போய்விடும். உள்ளூர்க்காரர் நீங்கள் மட்டும் பாக்கி. சந்தாவை எப்படி நிறுத்துவது என்று கேட்டு உங்கள் வீட்டுக் கேட்டைத்தான் தட்டுவார்கள். 1960இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏஎஃப்பி என்ற நிதி திரட்டுநர் சங்கம் தன் நெறிமுறையில், திரட்டும் தொகையில் விழுக்காடாக ஊதியம் வாங்கக் கூடாது என்றே வைத்திருக்கிறது. இவ்வளவு பிடித்தால்தான் இன்று சோறு என்று இருப்பவர், கொடுப்பவரின் நிலைமையை எப்படிப் பார்ப்பார்?

இன்னொன்று, கமிஷனுக்கு நிற்பவர்களில் பலர் ஊழியர் அல்ல, ‘ஏஜெண்ட்’. அப்படியென்றால் ஈபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி), மருத்துவ விடுப்பு, குறைந்தபட்சச் சம்பளம் எதுவும் இல்லை. ஐ-சாரான் என்ற சுயதொழில் செய்பவர்களுக்கான திட்டம் வழியாக ஈபிஎஃப், சுயதொழில் சொக்சோ இரண்டையும் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். வாங்குகிற கமிஷனை இதைக் கழித்துவிட்டுத்தான் சம்பளத்தோடு ஒப்பிட வேண்டும், பெரும்பாலானவர்கள் கழிப்பதில்லை.

சம்பள வேலை மெதுவானது. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் உங்கள் பங்கு ஈபிஎஃப் 11 விழுக்காடு, 187 ரிங்கிட் போய்விடும். முதலாளி 13 விழுக்காடாக 221 போட வேண்டும். ஆக சொக்சோவைச் சேர்க்காமலே உங்களுக்காக அமைப்பு மாதம் 1,921 ரிங்கிட் செலவழிக்கிறது. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்த வேலையில் முதலில் கையில் கொடுப்பது உண்டியல் பெட்டிதான். ஒரு பெட்டியில் மாதம் 40 வெள்ளி விழுகிறது என்று வைத்தாலும், 25 கடையில் வைத்தால் 1,000. உங்கள் சம்பளத்துக்கே பற்றாது. பெட்டி என்பது கடைக்காரரோடு மாதம் ஒருமுறை பத்து நிமிடம் பேசக் கிடைக்கும் சாக்கு. அந்தப் பேச்சிலிருந்துதான் மாதச் சந்தா, மகளின் பிறந்தநாள் நன்கொடை, கோயில் தலைவரிடம் சிபாரிசு எல்லாம் கிளம்பும்.

பெட்டியை எடுக்கும் முறையிலேயே பேர் எடுக்கலாம், பேர் கெடுக்கலாம். ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டி, எண் போட்ட ஒருமுறை சீல், அந்த எண் பதிவேட்டிலும். 30 நாளுக்கு ஒருமுறை, இரண்டு பேராக, கடைக்காரர் முன்னாலேயே சீலை வெட்டி எண்ண வேண்டும். நோட்டு தனி, சில்லறை தனி, சீட்டு இரண்டு பிரதி, அவர் கையெழுத்து. சில்லறையைத் தராசில் போட்டுக் கணக்கிடலாம் என்று சிலர் குறுக்குவழி பார்ப்பார்கள். பழைய 50 சென் 9 கிராமுக்கு மேல், 2012இல் வந்த புதியது 6 கிராம்கூட இல்லை, இரண்டும் கலந்து கிடக்கும், கணக்கு இடிக்கும். சில்லறை எந்த நேரத்தில் வாங்குவார்கள் என்று வங்கியில் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். பெட்டியில் ஒட்டிய டூயிட்நவ் (போன்வழிப் பணம் செலுத்தும்) கியூஆர் குறியை ஒவ்வொரு முறையும் உங்கள் போனில் ஸ்கேன் செய்து, அமைப்பின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். அதன்மேல் வேறொருவர் தன் குறியை ஒட்டிவிட்டுப் போனால் கண்ணுக்குத் தெரியாது.

வேலையின் மையம் கோயில். தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, நம் சனம் தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு) வந்து, பிள்ளைகள் ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூர் என்று சிதறிவிட்ட பிறகும், திருவிழாவுக்கு எல்லாரும் திரும்பி வருவது தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத்தான். மூன்று மாதம் முன்பே தலைவருக்கும் செயலாளருக்கும் கடிதம். நிர்வாகக் கூட்டத்தில் பத்து நிமிடம். கேட்பது ஒரே ஒரு காரியமாக இருக்கட்டும்: ‘ஐந்து குடும்பங்களுக்கு மூன்று மாதப் போக்குவரத்து’ என்பது போல. காசோலை அமைப்பின் பெயருக்கு மட்டும், தனியாள் கணக்குக்கு ஒரு சல்லி போகக் கூடாது. எண்ணுவது கோயில் பொருளாளரும் நீங்களும் சேர்ந்து. மொத்தத்தை அன்றிரவே அறிவிப்புப் பலகையில் எழுதிவிட வேண்டும். இரண்டு வாரத்தில் என்ன செலவாயிற்று என்று கடிதம். இந்தக் கடைசிக் கடிதத்தை விட்டவர்களுக்குத்தான் மறுவருடம் ‘கமிட்டியில பேசிட்டுச் சொல்றோம்’ என்ற பதில் வரும். அதற்கு அர்த்தம் ‘முடியாது’ என்பதுதான்.

சறுக்கும் இடங்களும் இங்கேதான். நிர்வாகத்தில் இரண்டு அணி இருந்தால், ஒரு அணியின் வீட்டில் மட்டும் டீ குடித்தாலே போச்சு. மேடையில் ஆறடி மாதிரிக் காசோலையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, நிஜக் காசோலை வராமலே போகும். வங்கியில் ஏறும் வரை எந்தத் தொகையையும் அறிக்கையில் போடாதீர்கள். பொம்மையாகக் கொடுக்கிறோம் என்பார்கள்: புற்றுநோய்ப் பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு, துடைத்துச் சுத்தம் செய்ய முடியாத பஞ்சு பொம்மையை அந்த வார்டில் அனுமதிப்பது அரிது. வாங்கி வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

நாள் பார்ப்பதும் முக்கியம். சட்டப்படி சம்பளம் மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் வந்தாக வேண்டும். ஆகவே 7 முதல் 12 தேதிக்குள் போங்கள், சாயங்காலம் ஐந்துக்கு மேல். மத்தியானம் ரப்பர் பாலை எடை போட்டுவிட்டு வந்து கண்ணயர்ந்திருப்பவரை எழுப்பினால் வசைதான் நன்கொடை. தைப்பூசத்தில் எல்லாரும் தகர உண்டியலோடு நிற்பார்கள், நீங்கள் வேண்டாம். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரம் கடைக்காரர்களிடம் போகலாம், வீடுகளுக்குப் போகக் கூடாது. தோட்டத்துக்குள் நுழைய கிராணி (தோட்ட எழுத்தர்) வழியாக மானேஜரிடம் சொல்லி வையுங்கள்.

அனுமதி விஷயம் மூன்று வேலைக்கும் பொது. வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் லைசென்ஸ் வேண்டும். மாவட்ட போலீஸ் தலைமையகத்தில் கேளுங்கள். ரசீதில் வருமான வரிச் சட்டம் 44(6) அங்கீகாரம் இருந்தால் கொடுப்பவருக்கு ஆண்டு வருமானத்தில் 10 விழுக்காடு வரை வரிக் கழிவு உண்டு. வரியே கட்டாத தோட்டத் தொழிலாளிக்கு இது பயன்படாது. லாரி வைத்திருப்பவர், கிளினிக் டாக்டர், ஜாலான் பெசார் நகைக்கடைக்காரர், இவர்களிடம் முதல் வாக்கியமே இதுவாக இருக்கலாம்.

நிகழ்ச்சி ஒப்பந்தத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் கணக்கே பேசும். 30 மேசை, மேசைக்கு 10 பேர், மேசை 1,000 ரிங்கிட். சாப்பாடு தலைக்கு 45 என்றால் 13,500. மண்டபம், ஒலி, பாடகர் 6,000. அச்சு 800. செலவு 20,300. முப்பதும் விற்றால் 9,700 மிஞ்சும். ஐந்து மேசைக்காரர் ‘அப்புறம் தர்றேன்’ என்றால் 4,700தான், ஏனென்றால் சாப்பாட்டுக்காரருக்கு 30 மேசைக்கும் சொல்லியாயிற்று. முன்பணம் வாங்காத மேசைக்கு எண் ஒதுக்காதீர்கள். மேடை ஏற்பாட்டில் கைதேர்ந்தவருக்கு ஈப்போவில் வேலை கிடைத்துக்கொண்டே இருக்கும், ஆனால் இரண்டு நிகழ்ச்சிக்கு நடுவில் இரண்டு மாதம் சும்மா இருக்கத் தெம்பு வேண்டும். கையில் வேறு வேலை இருப்பவருக்கு வார இறுதிக் கூடுதல் வருமானமாக இது பொருந்தும்.

எங்கள் கணிப்பு: ஊரிலேயே இருக்கப் போகிறவருக்குச் சம்பள வேலைதான். 1960இல் இந்த ஊர்க்காரர் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்க வைத்தார். இந்தச் சனம் மாதாமாதம் கொடுக்காது என்பவருக்கு அதுவே பதில். வாங்குகிறவர் யார் என்று தெரிந்தால் கொடுக்கும். மறுப்பைக் கேட்டுப் பழக வேண்டும் என்றால் கமிஷன் வேலையில் நான்கைந்து மாதம் இருந்து பாருங்கள். ஆனால் ஈப்போவில் செய்யுங்கள், சொந்த ஊரில் வேண்டாம்.

சம்பள வேலையிலும் நியமனக் கடிதத்தில் இரண்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று மைலேஜ் எழுதியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் லிந்தாங், சாலாக், எல்பில் என்று சுற்றும் மோட்டார் எண்ணெய்க் காசு ஈபிஎஃப் போக மிஞ்சும் உங்கள் 1,513இலிருந்துதான் போகும். முதல் ஆண்டு இலக்கு என்ன என்றும் கேளுங்கள். தொகை மட்டும் சொன்னால், இத்தனை கோயில், இத்தனை பள்ளி, இத்தனை கடை என்று மாற்றி எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் ஆறு மாதம் உங்களால் காட்ட முடிந்தது அது ஒன்றுதான்.