விண்டோஸ் 98 எஸ்இ: பழைய கேம் மெஷினுக்கு இன்றும் என் ஓட்டு

பழைய கேம்களுக்கென்றே ஒரு பென்டியம் 3 மெஷினைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறீர்களா, யோசிக்காமல் விண்டோஸ் 98 செகண்ட் எடிஷனைப் போடுங்கள். 1999-இல் வந்த சரக்கு. பிறகு வந்த விண்டோஸ் எம்இ, டாஸை (விண்டோஸுக்கு முந்தைய, கட்டளை அடித்து இயக்கும் சிஸ்டம்) ஒளித்து வைத்துவிட்டது, விண்டோஸ் எக்ஸ்பியில் டாஸ் கேம் ஓடினாலும் சத்தம் ஒழுங்காக வருவது அதிர்ஷ்டம். இதில் டாஸ் கேமும் ஓடும், வூடூ என்ற பழைய 3டி கிராபிக்ஸ் கார்டில் அதற்கென்றே எழுதிய கிளைட் கேமும் ஓடும், கேம்களுக்கான மைக்ரோசாஃப்ட் மென்பொருளான டைரக்ட்எக்ஸ் 9.0சி வரைக்கும் ஏறும்.

அடிக்கடி சிஸ்டம் முடங்கி நீலத்திரை விழுமே என்பீர்கள். விழும்தான், ஆனால் பெரும்பாலும் குற்றவாளி வேறு ஆள். மதர்போர்டைத் திறந்து பாருங்கள், அந்தக் காலத்து போர்டுகளில் பலவற்றில் கெப்பாசிட்டர் தலை உப்பிப்போய் நிற்கும், அதை மாற்றாமல் விண்டோஸை எத்தனை முறை அழித்துப் போட்டாலும் வீண்வேலை.

இதற்கே உரிய கோளாறு ஒன்று உண்டு, கேட்டால் சிரிப்பீர்கள்: ரேம் அதிகமானால் படுத்துவிடும். 512 எம்பியைத் தாண்டினால் போதிய மெமரி இல்லை என்று புலம்பும்! வீகேஷ் என்கிற டிஸ்க் கேஷ் (டிஸ்கிலிருந்து படித்ததை ரேமில் வைத்துக்கொள்ளும் பகுதி), இருக்கும் ரேமைப் பார்த்து முகவரி இடத்தையெல்லாம் தனக்கே வளைத்துப் போட்டுக்கொள்கிறது, ஏஜிபி கிராபிக்ஸ் கார்டு வந்து கேட்கும்போது மிச்சம் இருப்பதில்லை. சிஸ்டம்.இனி கோப்பில் வீகேஷ் பகுதிக்குக் கீழே மேக்ஸ்ஃபைல்கேஷ் என்று ஒரு வரி சேர்த்து உச்சவரம்பு வைத்தால் அடங்கிவிடும். நான் அந்த வம்புக்கே போவதில்லை, 256 எம்பியோடு சரி, இந்த கேம்களுக்கு அதுவே தாராளம்.

டிரைவர் போடும் வரிசை முக்கியம். மதர்போர்டில் வியா கம்பெனி சிப்செட் என்றால் அதன் ஃபோர்-இன்-ஒன் டிரைவர் தொகுப்பு முதலில், அப்புறம் டைரக்ட்எக்ஸ், கிராபிக்ஸ், கடைசியில் சவுண்டு. ஆகப் புதிய டிரைவர்தான் நல்லது என்ற இன்றைய பழக்கம் இங்கே காலை வாரும், உங்கள் கார்டு வந்த காலத்தை ஒட்டிய பதிப்பே நிதானமாக ஓடும். ஹார்டு டிஸ்க் 137 ஜிபிக்குள் இருக்கட்டும், அதைத் தாண்டி எழுதினால் இதன் சொந்த ஐடிஈ டிரைவர் டேட்டாவையே நாசமாக்கிவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதோடு வரும் ஸ்கேன்ரெக் என்ற கருவி. ஒவ்வொரு நாளும் முதல்முறை ஒழுங்காக பூட் ஆனதும் ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸின் அமைப்புகளெல்லாம் பதிந்திருக்கும் இடம்) நகலெடுத்து, கடைசி ஐந்தை வைத்திருக்கும். ஏதோ ஒரு டிரைவர் எல்லாவற்றையும் குட்டிச்சுவர் ஆக்கினால், டாஸில் பூட் செய்து ஸ்கேன்ரெக் /ரீஸ்டோர் என்று அடித்து, தேதியைப் பார்த்து நல்ல நகல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். எத்தனை பேருக்கு இது தெரியாமல் மறுபடி மறுபடி ஃபார்மட் அடித்துக்கொண்டிருக்கிறார்களோ!

மைக்ரோசாஃப்ட் 2006 ஜூலையிலேயே பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திக் கைகழுவிவிட்டது, அதனால் நெட் கேபிளைப் பிடுங்கி வையுங்கள். பென்டிரைவுக்குக்கூடத் தனி டிரைவர் கேட்கும், சிடியில் எழுதிக் கொண்டுபோவது சுலபம். உங்கள் பட்டியலில் 2003-க்குப் பிந்தைய கேம்கள்தான் அதிகம் என்றால் பேசாமல் எக்ஸ்பி போட்டுவிடுங்கள்.