பீக்கன் மௌனமானால் வீடு இருண்டுவிடுகிறது: இரண்டரை ஆண்டு அனுபவம்

நேற்று இரவு ஏழே முக்காலுக்கு எங்கள் வீட்டில் விளக்குகளும் மின்விசிறியும் ஒரே நொடியில் அணைந்தன. அப்போது அம்மா மட்டும் வீட்டில் இருந்தார். நானும் மனைவியும் திரும்பி வர நாற்பது நிமிடம் ஆயிற்று. வாசலை நெருங்கியதும் என் சாவிக்கொத்தில் இருக்கும் பீக்கனை, அதாவது புளூடூத்தில் தன் அடையாளத்தை அறிவித்துக்கொண்டே இருக்கும் சிறு கருவியை, கண்டுகொண்டு விளக்குகள் தாமாகவே எரிந்தன. அந்த வெளிச்சத்தில்தான் அம்மா நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். “ஃபியூஸ் போய்விட்டது என்று நினைத்தேன். எதிர்வீட்டில் வெளிச்சம் இருந்தது. இருட்டில் நடந்து எதிலாவது இடித்துக்கொள்வானேன் என்று உட்கார்ந்துவிட்டேன்” என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அலுவலக நண்பர் ஒருவர் இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்: “வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அறிய புளூடூத் பீக்கன் போடலாமா? நீங்கள் நெடுநாளாக வைத்திருக்கிறீர்களே.” போன வாரம் எழுதியிருந்தால் இந்தப் பதிவு வேறு மாதிரி இருந்திருக்கும். இன்றைய மனநிலையில் எழுதுகிறேன். ஆனாலும் நியாயம் தவறக் கூடாது என்று முயல்கிறேன்.

எங்கள் வீட்டில் மூன்று பீக்கன்களும் ஐந்து ரிசீவர்களும் இருக்கின்றன. பீக்கன்களின் சிக்னலைக் கேட்கும் ரிசீவர்கள் ஐந்தும் இஎஸ்பி32 என்ற சிறு மின்னணுப் பலகைகள், அறைக்கு ஒன்று. இஎஸ்பிரெசென்ஸ் மென்பொருள் அவற்றில் ஓடுகிறது, எப்போது எதைப் போடுவது, அணைப்பது என்று முடிவெடுப்பது ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுத் தானியக்க மென்பொருள். பீக்கன்களில் என்னுடையதும் மனைவியுடையதும் சாவிக்கொத்தில் தொங்குகின்றன. அம்மாவுடையது அவருடைய மூக்குக்கண்ணாடிப் பையில் இருக்கிறது.

கைபேசியையே வைத்துக்கொள்ளலாமே என்று நண்பர் கேட்டார். கைபேசிகள் தம் புளூடூத் முகவரியைச் சுமார் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும். அந்நியர் பின்தொடராமல் இருப்பதற்கான ஏற்பாடு அது, நல்லதுதான். அந்தக் கைபேசிக்குரிய ரகசியத் திறவுகோலை எடுத்துக் கொடுத்தால் ஹோம் அசிஸ்டன்ட் அதை அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் அம்மாவின் கைபேசி பாதி நாள் சார்ஜரில் கிடக்கிறது. கண்ணாடிப் பை இல்லாமல் அவர் அறையை விட்டு அறை போவதில்லை. ஆளை அறிய வேண்டுமானால், அந்த ஆள் மறக்காத பொருள் எது என்று பார்க்க வேண்டும். இரண்டரை ஆண்டில் நான் எடுத்த மிகச் சரியான முடிவு அதுதான்.

முதலில் அவர் வைத்திருந்தது தகரப் பெட்டி. பீக்கனை உள்ளே வைத்து மூடினால் பக்கத்து அறை ரிசீவருக்கு எதுவும் கேட்காது, திறந்தால் கேட்கும். அவர் கண்ணாடி அணிந்து படிக்கும்போது வீட்டில் இருப்பதாகவும், கழற்றி மூடி வைத்ததும் வெளியே போய்விட்டதாகவும் பதிவாகிக்கொண்டிருந்தது. காரணம் பிடிபட ஒரு வாரம் ஆயிற்று. பிறகு துணிப் பை வாங்கிக் கொடுத்தேன்.

பீக்கன் பேசும், கேட்காது. “நான் இன்னார்” என்று சில நூறு மில்லிநொடிக்கோ ஒரு நொடிக்கோ ஒருமுறை அறிவித்துக்கொண்டே இருக்கும். 2013இல் ஆப்பிள் கொண்டுவந்த ஐபீக்கன் முறையும் இதுதான்: ஓர் அடையாள எண், அதனுடன் ஒரு மீட்டர் தூரத்தில் சிக்னல் எவ்வளவு வலுவாக இருக்கும் என்ற ஓர் அளவு. மீதியெல்லாம் ரிசீவரின் ஊகம். அந்த ஊகம் எங்கே தடுமாறுகிறது என்று காட்ட ஓர் உதாரணம். அம்மா கண்ணாடிப் பையை மேசைமேல் வைத்திருந்தால் அவர் அறை ரிசீவர் சிக்னலின் வலுவை, டெசிபல் கணக்கில், மைனஸ் 62 என்று காட்டும்; மைனஸுக்குப் பின் எண் பெரிதாக ஆக சிக்னல் பலவீனம். அதே நாற்காலி, அதே ஆள், பையை மடியில் வைத்துக்கொண்டு ரிசீவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் மைனஸ் 81. புளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை நீர் உறிஞ்சும், நம் உடம்பில் பெரும்பகுதி நீர். தடையில்லாத வெளியில் தூரம் இரு மடங்கானால் 6 டெசிபல்தான் குறையும்; இங்கே அவர் ஓர் அங்குலம்கூட நகராமலே 19 டெசிபல் போய்விட்டது. சுவருக்கு அப்பால் இருக்கும் ரிசீவர் மைனஸ் 77 என்று சொல்ல, அம்மா அடுத்த அறைக்குப் போய்விட்டார் என்று வீடு முடிவு செய்துவிடும்.

ரிசீவர்களைத் தலைக்கு மேல், சுவரின் உச்சிக்கு ஏற்றிய பிறகு இது பெருமளவு குறைந்தது. அளவீடுகளைச் சராசரி எடுத்து நிதானப்படுத்தினால் இன்னும் குறையும். ஆனால் அப்போது அறைக்குள் நுழைந்து பத்துப் பதினைந்து நொடி இருட்டில் நிற்க வேண்டும். வேகம் வேண்டுமா, நிதானம் வேண்டுமா என்பதில் இரண்டும் கிடைக்கும் அமைப்பை நான் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. விளக்கைப் போட அசைவு சென்சார், விளக்கை அணைக்காமல் காக்க பீக்கன் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்ததும் சச்சரவு ஓய்ந்தது. அசைவு சென்சார் மட்டும் இருந்தால், அசையாமல் படித்துக்கொண்டிருப்பவரை அது இல்லாதவராக்கிவிடும். மில்லிமீட்டர் அலை ரேடார் சென்சார் அசையாதவரையும் காணும், ஆனால் அவர் யார் என்று சொல்லாது.

எதிர்பாராத மகிழ்ச்சி ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். இரவில் அம்மா எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார். தலையணை அருகிலிருந்து கண்ணாடிப் பையை எடுத்துக்கொண்டு அவர் கதவைத் தாண்டுவதற்குள் நடைபாதை விளக்கு பத்து சதவீத வெளிச்சத்தில் எரியும். நானோ மனைவியோ போனால் எரியாது. எங்களுக்கு அந்த வெளிச்சம் வேண்டாம். யார் என்று தெரிந்து செய்கிற அந்த ஒரு சிறு காரியத்துக்காக மட்டுமே இந்த ஐந்து பலகைகளையும் பொருத்தலாம் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். காலையில் அவர் சமையலறைக்கு வந்துவிட்டார் என்று அலுவலகத்திலிருந்தே எனக்குத் தெரியும். அவரிடம் கேட்டுத்தான் அதை வைத்தேன். “நான் எழுந்துவிட்டேனா என்று தெரிய இதெல்லாம் எதற்கு? போன் செய்தால் போதாதா?” என்றார். அதனால் போனும் செய்கிறேன்.

இனி நேற்றைய கதை. சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரியில் ஏறத்தாழ 220 மில்லிஆம்பியர் மணி கொள்ளும். 100 மில்லிநொடிக்கு ஒருமுறை அறிவிக்கும்படி வைத்திருந்தபோது எங்கள் பீக்கன்கள் நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை. ஒரு நொடிக்கு ஒருமுறை என்று மாற்றியதும் பதினான்கு மாதம் வந்தது. அம்மாவின் பீக்கனில் நேற்று மாலை 60 சதவீதம் மீதி என்றே திரை காட்டியது. இரவு கழற்றி மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன்: 2.8 வோல்ட். நல்ல பேட்டரி போலத்தான் தெரிந்தது. இந்த வகைப் பேட்டரிகளின் மின்னழுத்தம் கடைசி வரை பெரிதாக இறங்காது. வயதாக ஆக உள்மின்தடை ஏறிக்கொண்டே போகும். பீக்கன் அறிவிக்க முயலும் அந்தக் கணத்தில் மட்டும் மின்னழுத்தம் சரிந்து சில்லு செயலிழந்துவிடும். ஓய்வில் அளந்து எழுதிய சதவீதத்தை நம்பினால் இப்படித்தான் ஆகும்.

இந்தத் தொழில்நுட்பத்தின்மேல் என் தீராத மனக்குறை இதுதான்: இதற்கு “போய்விட்டேன்” என்று சொல்லத் தெரியாது. ஆள் வெளியே போனாலும் மௌனம், தகரப் பெட்டிக்குள் போனாலும் மௌனம், பேட்டரி செத்தாலும் மௌனம். எல்லா மௌனத்துக்கும் நாம் ஒரே பொருள் கொள்கிறோம். ஐந்து நிமிடம் சத்தமில்லை என்றால் ஆள் இல்லை என்ற விதியை எழுதியவன் நான். எங்கள் இருவரின் பீக்கன்கள் வெளியே, அம்மாவின் பீக்கன் மௌனம். வீடு காலி என்று முடிவாகி எல்லாம் அணைந்தது.

தீர்வு இருக்கிறது, அது புதியதும் அல்ல. வாசல் கதவு திறந்து மூடாமல் யாரும் வெளியேற முடியாது. நாங்கள் கிளம்பிய பிறகு கதவு ஒருமுறைகூடத் திறக்கவில்லை. கதவு சென்சாரின் பதிவில் அது தெளிவாக இருக்கிறது. கதவு திறந்த பிறகு வரும் மௌனத்தை மட்டுமே வெளியேற்றமாகக் கொள்ள வேண்டும் என்ற ஒரு வரி நேற்றைய இருட்டைத் தடுத்திருக்கும். இன்று காலை அதை எழுதிவிட்டேன். பேட்டரிகளையும் சதவீதம் பார்த்து மாற்றப்போவதில்லை. பத்து மாதம் ஆனால் மாற்றிவிடுவேன்.

சரி, நண்பருக்குப் பதில். மேலே எழுதியதைப் படித்தால் வாங்கச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். வாங்க வேண்டாம். உங்கள் வீட்டிலும் மாமா தனியாக இருக்கிறார். ஒரு விதி தவறினால் இருட்டில் உட்காரப்போவது அவர், நீங்கள் அல்ல. அசைவு சென்சாரும் நல்ல சுவிட்சும் போதும்.

அம்மாவின் பீக்கனை எல்லா விதிகளிலிருந்தும் நீக்கிவிட்டேன் என்று மதியம் அவரிடம் சொன்னேன். “சரி, ஆனால் ராத்திரி நடைபாதை விளக்கு மட்டும் முன்போலவே எரியட்டும்” என்றார். அதற்காகப் புது பேட்டரி போட்டு, கண்ணாடிப் பையில் திரும்ப வைத்திருக்கிறேன்.