ஃப்ரோசன் பபிள்: அப்பாவும் நானும் ஆறு வருடமாக விளையாடுவது

2019 மாரியில், மழை விடாமல் பெய்த ஒரு கிழமையில்தான் இந்தக் கணினி விளையாட்டை வீட்டுக் கணினியில் ஏற்றினேன். இலங்கையின் திருகோணமலையில், உவர்மலையில் எங்கள் வீடு. கணினி 2 ஜிபி ரேம் உள்ள பழசு, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஓடுவது. புதிதாக வரும் விளையாட்டு ஒன்றும் அதில் அசையாது. ஃப்ரோசன் பபிள் முதல் நாளே சிக்காமல் ஓடியது, இன்றைக்கும் ஓடுகிறது.

1994இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் பஸில் பொபிள் என்ற ஆர்கேட் விளையாட்டைக் கொண்டுவந்தது. அதே வழியில் 2002இல் வந்த இலவச, திறந்த மூல (நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய) விளையாட்டு இது. கீழே நிற்கும் பென்குயினின் குழாயைத் திருப்பி, நிறப் பந்துகளை மேலே சுட வேண்டும். ஒரே நிறத்தில் மூன்று சேர்ந்தால் வெடிக்கும். அவற்றைப் பிடித்துத் தொங்கிய மற்றப் பந்துகள் எந்த நிறமானாலும் உதிரும். இடைக்கிடை கூரை ஒரு படி இறங்கும். தோற்றால் பந்தெல்லாம் பனியாக உறைந்துவிடும், பென்குயின் அழும். தனியாக விளையாட 100 நிலைகள்.

முதல் சில மாதம் கண்ணில் பட்ட மூன்றைத்தான் உடைத்துக்கொண்டிருந்தேன். அது பிழை. தேங்காய்க் குலையில் ஒவ்வொரு காயாகப் பறிப்பதா, காம்பை வெட்டுவதா? மேலே எது தாங்கிப் பிடிக்கிறது என்று பார்த்து அதை உடைத்தால் பத்துப் பந்து ஒரேயடியாக விழும். இன்னொன்று: தனி ஆட்டத்தில், பலகையில் இருக்கும் நிறங்கள்தான் குழாய்க்கு வரும். ஆகவே ஒரு நிறத்தை முழுதாக ஒழித்துவிட்டால் மிச்சம் இலகு. இது பிடிபட்ட பிறகுதான் 40ஐத் தாண்டினேன்.

அப்பாவுக்கு வருவோம். கரம் போர்ட்டில் சட்டத்தில் மோதவிட்டுக் காய் போடுவதில் எங்கள் ஒழுங்கையில் அவருக்கு நல்ல பெயர். இந்த விளையாட்டிலும் பந்து பக்கச் சுவரில் பட்டால், போன சாய்விலேயே மறுபக்கம் திரும்பும். பின்னால் கதிரை போட்டு இருந்து பார்த்தவர், "பிள்ளை, பந்தைப் பாக்காதை. சுவரிலை எங்கை படப்போகுதெண்டு பார்" என்றார். அப்படியே செய்தேன், பந்து இடுக்குக்குள் போய் ஒட்டியது.

ஆனால் அவர் தானாக விளையாட முடியவில்லை. அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் "இப்ப வந்தது பச்சையோ சிவப்போ?" என்று கேட்பார். நான் சொல்வதற்குள் நேரம் முடிந்து பந்து தானாகப் பறந்துவிடும். நாலு நாளில், "நீ விளையாடு பிள்ளை" என்று எழும்பிப் போய்விட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை.

அப்புறம் தேடிப் பார்த்ததில், நிறம் பிரித்துத் தெரியாதவர்களுக்கென்றே இதில் ஒரு தெரிவு இருப்பது தெரிந்தது. விளையாட்டைத் திறக்கும் கட்டளையோடு ஒரு சின்னச் சேர்க்கை, அவ்வளவுதான். ஒவ்வொரு நிறப் பந்துக்குள்ளும் ஒவ்வொரு உருவம் வந்துவிடும். அன்று பின்னேரம் அப்பாவைக் கூப்பிட்டு இருத்தினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, திரைக்குக் கிட்டப் போய், ஒவ்வொரு பந்தாக விரலால் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு என்னிடம் நிறம் கேட்டதே இல்லை. காசு வாங்காமல் செய்த ஒரு விளையாட்டில் இதை யோசித்து வைத்தவர்களுக்கு நான் உண்மையாகவே நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

குறைகளும் உண்டு. திரை 640க்கு 480 அளவுதான். பெரிய மொனிட்டரில் முழுத்திரையாக்கினால் ஓரங்கள் மங்கலாகும். பாட்டு நன்றாக இருந்தாலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது, நாங்கள் நிறுத்திவிட்டு ரேடியோ போடுவோம். இருவர் ஒரே விசைப்பலகையில் மோதும்போது, இரண்டு பேரும் ஒன்றாக அழுத்தினால் எங்களுடைய மலிவு விசைப்பலகை ஒருவரின் விசையை விழுங்கிவிடும். இரண்டாவது விசைப்பலகை ஒன்றைச் செருகியதும் சரி வந்தது. இருவர் ஆட்டத்தை நான் கட்டாயம் பரிந்துரைப்பேன்: நாம் கூட உதிர்த்தால் எதிராளியின் பக்கம் பந்துகள் ஏறும், அமைதியான மனிதர்கூடச் சத்தம் போடுவார்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது, நடு ஆட்டத்தில் கரண்ட் போய் எத்தனையோ தடவை எல்லாம் போனது. நல்லகாலம், எந்த நிலையிலிருந்தும் தொடங்க வசதி இருக்கிறது. அப்பா கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் நிலை எண்ணைக் குறித்து வைக்கப் பழகினார். மின்வெட்டு முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நேற்றுக் கிழித்த தாளில் 93 என்று எழுதியிருக்கிறார். நான் 88இல் நிற்கிறேன்.