மார்த்தாண்டத்தில் வாங்கிய ஐபோன்: சிம் தட்டைக் கழற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

கடந்த மாதம் மார்த்தாண்டத்தில் பழைய கைபேசிகளை வாங்கி விற்கும் ஒரு கடையில், என் மகளுக்காக 24,000 ரூபாய் கொடுத்து ஓர் ஐபோன் வாங்கினேன். கடைக்காரர் அவளுடைய சிம்மைத் தாமே வாங்கிப் போட்டு, அழைத்துப் பேசியும் காட்டினார். கண்ணாடியில் கீறல் இல்லை, பேட்டரியும் நன்றாக இருந்தது. சந்தேகப்பட எனக்கு எதுவும் தோன்றவில்லை.

மகள் நாகர்கோவிலில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அங்கே அவள் பயன்படுத்தும் சிம்முக்குப் பேச்சிப்பாறை அருகிலுள்ள எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. இங்கே வேறொரு நிறுவனத்தின் சிம்தான் வேலை செய்யும். விடுமுறைக்கு வந்தவள் சிம்மை மாற்றியபோது, பழைய சிம்மின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய தகடு ஒன்று கூடவே கழன்று வந்தது. புதிய சிம்மைப் போட்டதும் ‘சிம் நாட் சப்போர்ட்டட்’ என்று திரையில் வந்தது. பழையதைத் திரும்பப் போட்டாலும் அதே செய்திதான்.

வடசேரியில் கைபேசி பழுதுபார்க்கும் ஒருவர் அதைப் பார்த்ததுமே விளங்க வைத்தார். அது அமெரிக்காவில் ஒரு தொலைபேசி நிறுவனம் தவணைக்கு விற்ற கைபேசி. அந்த நிறுவனத்தின் சிம் தவிர வேறெதையும் ஏற்காதபடி பூட்டப்பட்டது. சிம்முக்கும் கைபேசிக்கும் இடையில் நின்று, சொந்த நிறுவனத்தின் சிம்தான் உள்ளே இருக்கிறது என்று கைபேசியை நம்ப வைப்பதே அந்தத் தகட்டின் வேலை. ஆப்பிள் நிறுவனமே நினைத்தாலும் இந்தப் பூட்டை நேரடியாக நீக்காது. பூட்டிய தொலைபேசி நிறுவனம்தான் நீக்க வேண்டும். முதலில் வாங்கியவர் யார், தவணையைக் கட்டி முடித்தாரா என்பது தெரியாத நான் யாரிடம் போய்க் கேட்பது?

கடைக்காரரிடம் திரும்பிப் போனேன். “அமெரிக்கா செட்டுன்னா இப்படித்தான் சாரே, சிப்பு வச்சா ஓடும்” என்றார். விற்கும்போது ஏன் சொல்லவில்லை என்றதற்கு, “நீங்க கேக்கல்லியே” என்றார். கேட்கத் தெரியாதவனிடம் குறையை மறைத்து விற்பது ஏமாற்று என்றே நான் கருதுகிறேன். திருப்பி எடுத்துக்கொள்ள 9,000 ரூபாய் தருவதாகச் சொன்னார், நான் சம்மதிக்கவில்லை.

எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி நம் நாடு முழுவதும் 2011 ஜனவரியிலேயே வந்துவிட்டது. கருவி பூட்டப்பட்டிருந்தால் அந்த வசதியால் என்ன பயன்? கனடாவில் 2017 டிசம்பரிலிருந்தும் பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்தும் கைபேசிகளைப் பூட்டி விற்கத் தடை இருக்கிறது. அமெரிக்காவில் 2014 ஆகஸ்டில் வந்த சட்டம் வாடிக்கையாளர் பூட்டைத் திறந்துகொள்ள அனுமதித்ததே தவிர, பூட்டி விற்பதைத் தடுக்கவில்லை. வெளிநாட்டில் வேலை செய்யும் உறவினர்கள் கொண்டுவரும் கைபேசிகள் நம் மாவட்டத்தில் ஏராளமாகக் கைமாறுகின்றன என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பழைய ஐபோன் வாங்குவோர் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபௌட் என்ற பகுதிக்குச் சென்று, ‘கேரியர் லாக்’ என்னும் வரிக்கு நேரே ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். சிம் தட்டை நீங்களே கழற்றி, வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு சிம்களை உங்கள் கையாலேயே போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணும், நெட்வொர்க் பூட்டு இல்லை என்ற உறுதியும் ரசீதில் எழுதப்பட வேண்டும். எனக்குக் கிடைத்தது தொகை மட்டும் எழுதிய துண்டுச்சீட்டுதான்; நல்லவேளையாகப் பணத்தை வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பியிருந்தேன்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். அதில் தீரவில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுத்தால் போதும். அந்தத் தகட்டை ஒரு உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.